ஆகாயத்தாமரைக்குப் போட்ட மூங்கில் வேலி

போன வாரம் உன் மகள் என்னைச் சுவா சூ காங் பக்கம் ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனாள். முழங்கால் மடங்க மறுக்கிறது என்று நான் சொன்னதும், நடந்தால்தான் மடங்கும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அந்தக் குணம் உன்னுடையது. கேள்வியை நம்மிடம் கேட்டுவிட்டு விடையைத் தானே சொல்லிக்கொள்வது.

குளத்தை நெருங்கும் முன்பே அந்த நாற்றம் வந்துவிட்டது. கரையில் இழுத்துப்போட்ட ஆகாயத்தாமரை வெயிலில் அழுகத் தொடங்கும்போது, கெட்டுப்போன முட்டைக்கோசையும் சேற்றையும் சேர்த்துக் கிளறியதுபோல ஒரு வாடை வருமே, அதுதான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார்கள். நான் நின்றுவிட்டேன். ஒரு தட்டைப் படகில் இரண்டு தொழிலாளர்கள் செடிகளை வாரிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மிதவைகளைக் கயிற்றில் கோத்துக் குளத்தின் குறுக்கே கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பச்சை. இந்தப் பக்கம் தெளிந்த தண்ணீர். நாம் அதை மூங்கிலில் செய்தோம்.

நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. நான் கடிதம் எழுதினால் முதலில் ஒரு நகல், பிறகு திருத்திய நகல், அதன்பிறகும் அனுப்பலாமா என்ற யோசனை என்று நாட்களைக் கடத்துகிறவன். இதை அனுப்ப முடியாது என்பதால் சற்றுத் துணிவாக எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகை தடுத்த ஓர் அறையில் நாம் இருவரும் குடியிருந்தோம். நீ பஸ் கண்டக்டர். நான் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். இங்கே எல்லாரும் சொல்வதுபோலக் கிராணி. அறைக்கு வந்த முதல் நாளே என் பெயரைக் கேட்டாய். சொன்னேன். அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் நீ அதைப் பயன்படுத்தவே இல்லை. "யோவ் கிராணி" என்றுதான் கூப்பிட்டாய்.

கல்யாணம் ஆனதும் நீ அந்த அறையை விட்டு, பத்தாம் மைல் கட்டைக்கும் அப்பால் ஒரு கம்பத்தில், அதாவது குடியானவர்களின் சிற்றூரில், பலகை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தாய். வாடகை குறைவு என்றாய். ஏன் குறைவு என்று நான் கேட்டேன். நீ கேட்டிருக்கவில்லை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் விடை உன் வீட்டுக்குள்ளேயே வந்து, கட்டில் உயரத்துக்கு நின்றது.

நான் அங்கே முதன்முதலாக வந்தது அந்த வெள்ளம் வடிந்த பிறகு. உன் வீட்டுக்குப் பின்னால் செம்மண் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் பரந்த பச்சைப் புல்வெளி, அதில் ஊதாப் பூக்கள். "இவ்வளவு நல்ல புல்லு இருக்கு, மாடு வளர்க்கலாமே" என்று சொல்லிக்கொண்டே இறங்கப் போனேன். நீ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாய்.

"கிராணி, அது புல்லு இல்ல லா. குளம்! கால வச்சேன்னா நேரா உள்ளதான்."

யாரும் வெட்டிய குளம் அல்ல. இரண்டு மேடுகளுக்கு நடுவில் இருந்த பள்ளத்தில் தானாக நீர் சேர்ந்து உண்டானது. ஒரு கரையிலிருந்து கூப்பிட்டால் மறுகரைக்குக் குரல் எட்டும், சொல் எட்டாது, அவ்வளவு பெரியது. தாழ்ந்த முனையில் செம்மண் சாலைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் போனது. மிகுதி நீர் அதன் வழியே சாலையைக் கடந்து, உங்கள் வீட்டு வரிசையை ஒட்டிய ஓடையில் விழ வேண்டும். மழை பிடித்தால் மிதக்கும் ஆகாயத்தாமரை முழுவதும் அந்தக் குழாய் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். குளம் நிரம்பிச் சாலையைத் தாண்டி நேராக வீடுகளுக்குள் இறங்கும். நடந்தது அவ்வளவுதான். யாரையும் குறை சொல்ல வழியில்லாத விபத்து.

மறுபக்க மேட்டில் பன்றிப்பண்ணை வைத்திருந்த ஒரு சீன அம்மாள் இருந்தார். எல்லாரும் அவரை 'ஆ சோ' என்று அழைத்தார்கள். தினமும் கரையோரம் நின்று நீண்ட கொக்கியால் ஆகாயத்தாமரையை இழுத்து, நறுக்கி, தவிட்டோடு பெரிய இரும்புச் சட்டியில் வேகவைத்துப் பன்றிகளுக்குப் போடுவார். வெள்ளம் வந்த அன்று உன் மனைவியைத் தோளைப் பிடித்து மேட்டுக்கு நடத்திக்கொண்டு போய், தன் வீட்டில் படுக்க வைத்ததும் அவர்தான். உன் மனைவிக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை மலாயில் அந்த இரவைக் கடத்தியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டின் நடுவில் உன் மனைவி கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆண்டு முடிவில், சரியாக மழைக்காலத்தில் பிள்ளை பிறக்கும். அன்று சோறு பரிமாறிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, நீங்க படிச்சவங்க. இந்த வீட்டுல தொட்டிலை எவ்வளவு உயரத்துல கட்டணும்னு நீங்களே சொல்லிருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நீ சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் என்னைக் குளத்தங்கரைக்கு அழைத்துப் போனாய். மழைக்கு முன்னால் இதைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்றாய்.

நான் செய்தது உனக்கு நினைவிருக்கும், எப்படி மறப்பாய். அலுவலகக் காகிதத்தில் குளத்தை வரைந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டேன். ஞாயிறுதோறும் ஒரு கட்டம். எண்ணெய்த் தகரங்களின் மேல் பலகை வைத்துக் கட்டிய தெப்பத்தில் நீ நின்று வாருவாய். நான் கரையில் நின்று இழுப்பேன். முதல் ஞாயிறு முதல் கட்டம் சுத்தமானது. அந்தத் தண்ணீரில் வானம் தெரிந்ததைப் பார்த்து நாம் இருவரும் பெருமைப்பட்டோம். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் முதல் கட்டம் எங்கே என்றே தெரியவில்லை. பச்சை முழுவதும் நகர்ந்து வந்து மூடியிருந்தது.

நீ இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாய். "கிராணி, உன் ஃபைல் நம்பரு இந்தச் செடிக்குத் தெரியல போல."

எனக்கு அவமானமாக இருந்தது. வேரூன்றாமல் மிதக்கும் ஒன்றுக்கு எல்லைக்கோடு போட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்கடுத்த ஞாயிறு நான் எதையும் தொடவில்லை. ஒரு ரப்பர் மரத்தடியில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து பச்சை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கிட்டத்தட்ட அசையாமல் கிடந்தது. உச்சி சாய்ந்து காற்று எழுந்ததும் மெல்ல, ஒரே உடம்பாக, ஆ சோவின் கரைப்பக்கம் நகர்ந்தது. காற்று போகிற திசையிலேயே நாமும் இழுத்தால் பாதி வேலையைக் காற்று செய்யும் என்று சொன்னேன். அதை முதலில் சொன்னது நானா, நீயா என்பது எனக்கு இப்போது உறுதியில்லை. நீ எப்போதும் நான்தான் என்று சொல்லி வந்தாய். உன் சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்பது பிறகு வரும்.

தேக்கா சந்தையில் தடித்த தேங்காய்நார்க் கயிறு வாங்கினோம். மூங்கில்களை வரிசையாகக் கட்டி, நீளமான மிதக்கும் வேலி ஒன்று செய்தோம். பிற்பகல் காற்று எழும் நேரம் பார்த்து, வேலியின் இரு முனைகளையும் ஆளுக்கொரு கரையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். பச்சை முழுவதும் முன்னால் போனது. கரை சேர்ந்ததும் வாரி எடுத்து, மழைநீர் திரும்பத் தள்ளிவிடாத உயரத்துக்குக் கொண்டுபோய்க் குவித்தோம். அந்தக் குவியலின் நாற்றம் என் கால்சட்டையோடு சிராங்கூன் சாலைக்கும் வந்தது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்தது. அதிலும் ஒருமுறை நீயே கண்டக்டராக வந்து, "ஐயா கொஞ்சம் பின்னாடி போய் உக்காருங்க, பயணிங்க பாவம்" என்றாய்.

பாதிக் குளம் தெளிந்தபோதுதான் சிக்கல் வந்தது. ஆ சோ ஒரு மாலை கரையில் வந்து நின்று, குவியலைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, கையை விரித்தார். "இனி பாபி மாக்கான்," என்றார். இது பன்றி தின்பது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதுதான் அந்தக் கையின் பொருள்.

அந்த வாரம் சாலை முனைக் காப்பிக்கடையில் உங்கள் வரிசைக்காரர்கள் கூடினார்கள். உன் அடுத்த வீட்டுக்காரர், தோட்டத்தில் வேலை பார்த்தவர், களைக்கொல்லி மருந்து கொண்டுவருவதாகச் சொன்னார்.

"ஒரு தடவ அடிச்சா போதும்ப்பா. வேரோட செத்துரும். எதுக்கு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம முதுகொடியுறீங்க?"

"அந்தம்மா பன்னிங்க என்னத்தத் தின்னும்?" என்று நீ கேட்டாய்.

"அது அந்தம்மா பாடு. நம்ம வீடு முழுகுது, நீ பன்னிக்குப் பாக்குறியா?"

"போன வருசம் உங்க வீடு முழுகுனப்ப நீங்க கூரை மேல ஏறி உக்காந்துக்கிட்டீங்க மாமா. என் பொஞ்சாதி யாரு வீட்டுல படுத்திருந்தா? அத மறந்துட்டா நானும் ஒரு பன்னிதான்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், மாமாவும் சேர்ந்து. ஆனால் நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆ சோவின் கரையோரம் ஒரு மூலையை மட்டும் மூங்கில் வேலியால் வளைத்து, செடியை அதற்குள் விட்டுவைப்பது, மற்றதெல்லாம் எடுப்பது என்று பேசி முடித்தாய். வேலி தாங்காவிட்டால் அவர்கள் கொண்டுவரும் மருந்துக்கு நீயே தெளிப்பானைப் பிடிப்பதாகவும் ஒப்புக்கொண்டாய்.

உண்மையைச் சொன்னால், மருந்துதான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றியது. கூட்டத்தில் சொல்லவில்லை, கூட்டத்தில் நான் எதையும் சொன்னதில்லை. திரும்பி வரும்போது உன்னிடம் கேட்டேன்: "கயிறு அறுந்துட்டா? அந்த மூலையில இருக்கிறது எல்லாம் மொத்தமா குழாய்க்குத்தானே போகும்? போன வருசத்தை விட மோசமாயிடுமே?"

நீ நின்றுகூடப் பார்க்கவில்லை. "அறுந்தா புடிக்கத்தான் நீ இருக்கியே லா."

அதை நான் ஒரு நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கி முதல் சில மழைகளை வேலி தாங்கியது. பிறகு அந்த ஞாயிறு வந்தது. வழக்கம்போலத் தேக்காவில் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். யாரோ விடுப்பு எடுத்ததால் உன்னை அழைத்துவிட்டார்கள். உன் மனைவி நிறைமாதம். நடுப்பகலில் வானம் கறுத்து, எதிர்வீடு தெரியாத அளவுக்குக் கொட்டத் தொடங்கியது. பஸ் சாலை நீரில் முழுகிவிட்டது, வண்டிகள் நின்றுவிட்டன என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"அண்ணே, நீங்க உள்ளயே இருங்க. அவரு வந்து பாத்துக்குவாரு," என்றாள் உன் மனைவி. எனக்கு அதில் முழு உடன்பாடு. ஆனால் அவள் அதைச் சொல்லிக்கொண்டே, தொட்டில் கட்டுவதற்காக மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிலிலிருந்து எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

குளம் ஏறியிருந்தது. வேலியின் ஒரு முனையைக் கட்டியிருந்த முளை, கரை ஈரமாகி, மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. வேலிக்குப் பின்னால் பச்சை முழுவதும் ஒரு பக்கமாக முட்டிக்கொண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முளை பிடுங்கிக்கொண்டது. கயிற்றின் மிச்சம் சேற்றில் பாம்புபோல ஓடியது. குடையை மடக்கி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு அதைப் பிடித்தேன். ஏன் மடக்கினேன் என்று எனக்குத் தெரியாது. பழக்கம்.

கயிறு என்னை இழுத்தது. என் எடைக்கு அது மிகவும் பெரிய பாரம். பள்ளியில் இயந்திரவியல் பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது: கயிற்றை ஒரு தூணில் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிப்பவனின் பாரம் பல மடங்கு குறையும். தேர்வில் அந்தக் கேள்விக்கு நான் சரியாக விடை எழுதினேனா என்பதில் அந்த நேரத்திலும் எனக்குச் சந்தேகம். வழுக்கி விழுந்து எழுந்து, நான் காற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ரப்பர் மரத்தை அடைந்து, ஒரு சுற்று சுற்றினேன். கயிறு இன்னும் நழுவியது. இன்னொரு சுற்று. நின்றுவிட்டது. மரம் பிடித்துக்கொண்டது. நான் நுனியை மட்டும் பிடித்திருந்தேன்.

ஆனால் அதற்குள் கொஞ்சம் செடி தப்பிப் போயிருந்தது. அது குழாயை நோக்கிப் போவது தெரிந்தது. நான் கயிற்றை விட்டுப் போக முடியாது. அப்போதுதான் மேட்டிலிருந்து ஆ சோ ஓலைத் தொப்பியோடு, கொக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். என் பக்கம் வருவார் என்று நினைத்தேன். அது அவருடைய மூலை, அவருடைய தீனி. அவர் என்னைப் பார்த்து "பேகாங்! பேகாங்!" என்று கத்தினார். பிடி, பிடி என்று. கத்திக்கொண்டே என்னைத் தாண்டி ஓடி, குழாய் வாயில் இடுப்பளவு நீரில் இறங்கி, வந்து சேர்ந்த செடியை ஒவ்வொன்றாக இழுத்துச் சாலையில் எறிந்தார். அவர் வீடு மேட்டில் இருந்தது. வெள்ளம் அவரை எந்தக் காலத்திலும் தொட்டிருக்காது.

மழை ஓயும் வரை நாங்கள் அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்தாம் கட்டையிலிருந்து நடந்தே வந்து நீ சேர்ந்தபோது, உன் சீருடை உடம்போடு ஒட்டியிருந்தது. டிக்கெட் துளையிடும் கருவி இன்னும் இடுப்பில் தொங்கியது. நீ முதலில் உன் வீட்டு வாசலைப் பார்த்தாய். தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தது, உள்ளே போகவில்லை. பிறகு என்னைப் பார்த்தாய்.

"என்னா கிராணி, மரத்தோட கயிறு இழுக்குற போட்டியா? யாரு ஜெயிச்சா?"

கயிற்றை வாங்கி நீயே முடிச்சுப் போட்டாய். என் விரல்கள் தாமாக விரியாததால் நீதான் ஒவ்வொன்றாக விரித்துவிட்டாய். அந்த வாரமே உன் மகள் பிறந்தாள். தொட்டிலைச் சாதாரண உயரத்தில் கட்டினீர்கள். மருந்தைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. அறுபதுகளில் அந்தக் கம்பத்தை விட்டு நீ அடுக்குமாடி வீட்டுக்குப் போகும்வரை, வேலியை ஆண்டுதோறும் மாற்றிக் கட்டினோம். ஆ சோவின் மூலை ஆ சோவின் மூலையாகவே இருந்தது. பிறகு பண்ணைகள் போயின, குளம் மூடப்பட்டது, மேலே கட்டடம் எழுந்தது. ஆ சோ எங்கே குடியேறினார் என்று நீ பல இடத்தில் விசாரித்தாய். தெரியவில்லை.

நீ விட்டுச்சென்றவற்றில் எனக்கு மிகுந்த தொல்லை தந்தது அந்தக் கதை. உன் மகளின் காதுகுத்தில் முதலில் சொன்னாய். அதில் நான் குடையை மடக்கி வைத்துவிட்டுக் குளத்தில் குதித்தேன். அவள் கல்யாணத்தில் சொன்னபோது நீந்தவும் செய்தேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து, குறைந்த குரலில், "இல்லை, கரையில்தான் நின்றேன், மரம்தான் பிடித்தது, குழாயைக் காப்பாற்றியது ஆ சோ" என்று திருத்துவேன். ஆ சோவின் பங்கை மட்டும் நீ ஒத்துக்கொள்வாய். மற்றதற்கு, "மரத்தைக் கட்டிக்கிட்டது யாரு லா?" என்று கேட்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நான் உட்கார்ந்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் தாதியிடம் என்னைக் காட்டி அதையே சொல்லத் தொடங்கினாய். பாதியில் மூச்சு வாங்கியது. நான் திருத்த வேண்டிய இடம்வரை உன் கதை அன்று எட்டவில்லை.

பூங்காவில் நான் நின்ற இடத்துக்கு அருகில்தான் மிதவைக் கயிற்றின் ஒரு முனை இருந்தது. ஓர் இரும்புக் கம்பத்தில் ஒரே சுற்று, அதன்மேல் ஒரு முடிச்சு. மேற்கே மேகம் திரண்டிருந்தது. தெரியாதவர்களிடம் போய்ப் பேசுவது எனக்கு வராது. அதுவும் வேலையில் இருப்பவர்களிடம் யோசனை சொல்வது இன்னும் வராது. அவர்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியாமல் இருக்கும் என்று தோன்றும். சிறிது நேரம் நின்றேன். பிறகு படகைக் கரையில் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

"தம்பி, மழை வரும்போல இருக்கு. அதை இன்னும் ஒரு சுத்து சுத்திடுங்களேன்."

தமிழ்நாட்டுப் பிள்ளை. நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தாத்தா, இது நல்லாத்தானே நிக்குது?"

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். உன் மகள் முந்திக்கொண்டாள். "தம்பி, இவரு யாருன்னு தெரியாம பேசாதீங்க லா. நான் பொறக்குறதுக்கு முன்னாடி வெள்ளத்துல குதிச்சு, ஒரு குளத்தையே தனியா புடிச்சு நிறுத்தினவரு. எங்கப்பா சொல்லியிருக்காரு."

அந்தப் பிள்ளை என்னை, என் கைத்தடியை, மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து, கம்பத்தில் இன்னொரு சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினார்.

வாயைத் திறந்தேன். கரையில்தான் நின்றேன் என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை ஆண்டுகளில் அது எனக்கு மனப்பாடம். நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். நீ இருந்தவரை அதை மறுப்பது என் வேலை, மறுபடி சொல்வது உன் வேலை. இப்போது நான் மறுத்தால், அந்தக் குளத்தில் குதித்தவன் எங்கும் இருக்க மாட்டான்.

வாயை மூடிக்கொண்டேன். முதல் துளி விழுந்தபோது உன் மகள் குடையை விரித்தாள். நாங்கள் மெதுவாக நடந்தோம்.